எந்த ஊருங்க, என்ன ஆளுங்க?

அன்னூரில் அப்பா கட்டிய வீடு ஒன்று சும்மா கிடக்கிறது. சத்தியமங்கலம் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே. வாடகைக்கு விடலாம் என்று முடிவானது. பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரு விண்ணப்பப் படிவம் தயார் செய்துவிட்டேன். பெயர், வேலை, மாதச் சம்பளம், குடியிருக்கப் போவது எத்தனை பேர், இதற்கு முன் இருந்த வீட்டுக்காரரின் போன் நம்பர், அங்கே எத்தனை வருஷம், ஏன் காலி செய்கிறார்கள், ஆதார் நகல். எல்லாம் ஒரே பக்கத்தில்.

பெருமையாகப் பெரியப்பாவிடம் நீட்டினேன். அவருக்கு அதே ஊரில் ஆறு லைன் வீடுகள். நாற்பது வருஷமாக ஆள் பார்த்துக் குடிவைத்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"எல்லாஞ் சரி தம்பி. முக்கியமானதை உட்டுட்டியே?"

"எதுங்க பெரியப்பா?"

"என்ன ஆளுங்கன்னு கேக்க வேண்டாமா?"

"அதையும் ஒரு கட்டம் போட்டு எழுதச் சொல்றீங்களா?"

"அதை எவனாச்சும் எழுதுவானா? வாயில கேட்டுக்கோணும்."

வாடகை வீடு தேடிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். "எந்த ஊருங்க?" என்பார்கள். ஊரைச் சொன்னால் "அங்கே எந்தப் பக்கம்?" என்பார்கள். மூன்றாவது கேள்வி எங்கே போய் நிற்கும் என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கேள்வி எனக்குச் சாதகமாகவே வேலை செய்திருக்கிறது. முதல் வேலையில் சேர்ந்த புதிதில், சம்பளச் சீட்டுகூட கைக்கு வராத நிலையில், ஊர்ப் பெயரைச் சொன்னதுமே சாவியை எடுத்துக் கொடுத்தார் ஒரு வீட்டுக்காரர். அன்றைக்கு அது அன்பாகத்தான் தெரிந்தது. அதே வாசலில் அதே வாரம் யாரெல்லாம் திரும்பிப் போனார்கள் என்று யோசிக்கவே இல்லை.

சரி, யாரைக் குடிவைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு எப்போது வந்தது? தேடிப் போனால் ஒரு வேடிக்கை அகப்படுகிறது. சட்டப் புத்தகத்தின்படி பார்த்தால், நம் மாநிலத்தில் ரொம்ப காலத்துக்கு அந்த உரிமையில் முதல் இடம் வீட்டுக்காரருக்குக் கிடையாது. சர்க்காருக்குத்தான்!

கதை யுத்தத்தில் ஆரம்பிக்கிறது. முதல் உலகப் போரின்போது, 1915-ல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் ஆண்கள் போர்முனைக்கும் ஆயுதத் தொழிற்சாலைக்கும் போயிருக்க, வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பர் போன்ற பெண்கள் முன்னே நின்று, "கொடுக்க மாட்டோம்" என்று வாடகை வேலைநிறுத்தம் நடத்தினார்கள். பிரிட்டிஷ் அரசு பணிந்து, அதே வருஷம் வாடகைக்குக் கடிவாளம் போட்டுச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்தக் கடிவாளம் நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. 1941-ல் மதராஸ் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. (அடுத்த வருஷமே ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து பாதிப் பட்டணம் மூட்டை கட்டியது. வாடகையைக் கட்டுப்படுத்த சர்க்காரே தேவைப்படவில்லை!)

யுத்தம் முடிந்தது. ஆணை முடியவில்லை. 1946-ல் சட்டமானது, 1949-ல் புதிய சட்டம், கடைசியாக 1960-ல் வந்ததுதான் பெரிய சட்டம். பத்தொன்பதாவது வருஷத்திலும் யுத்தகாலத்து வாசனை அதில் அப்படியே இருந்தது. அதன் மூன்றாவது பிரிவைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

உங்கள் வீடு காலியானால், ஏழு நாளுக்குள் அதற்கான அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அரசுக்கோ அரசு அதிகாரிக்கோ அந்த வீடு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்வார்கள். "வேண்டாம்" என்று ஆன பிறகுதான் நீங்களாக ஆள் பார்க்கலாம். சென்னையில் இந்த அதிகாரிக்கு அக்காமடேஷன் கன்ட்ரோலர் என்று பெயர். ஊர் கேட்பது, சாதி கேட்பது, "கறி சமைப்பீங்களா?" என்று மூக்கைச் சுருக்குவது எதுவும் செல்லாது. வரப்போகிறவர் அரசு அலுவலர். சட்டப்படி உங்கள் குடித்தனக்காரர் அரசாங்கமே.

எத்தனை பேர் ஒழுங்காக அந்த நோட்டீஸை அனுப்பினார்கள் என்பது வேறு விஷயம். சட்டத்தில் இன்னொரு சங்கதியைப் பாருங்கள். அட்வான்ஸாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று அதே 1960 சட்டம் சொன்னது. ஒரு மாதம்! சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது வெள்ளையடித்த கணக்கில் பாதியை இழந்தவர்கள் இந்த வரியை இரண்டாவது தடவை படிக்கலாம்.

சட்டத்தின் நோக்கம் நல்லதுதான். இரவோடு இரவாகக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்த முடியாது. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தார், உள்வாடகைக்கு விட்டார், கட்டடத்தைச் சேதப்படுத்தினார், எனக்கே குடியிருக்க வேண்டும் என்று குறிப்பிட்ட காரணங்களில் ஒன்றை ரென்ட் கன்ட்ரோலர் முன்னால் நிரூபித்தால்தான் காலி செய்ய வைக்கலாம். அங்கே தோற்றவர் மேல்முறையீட்டுக்குப் போவார். அப்பா போட்ட வழக்கை மகன் நடத்திய கதைகள் கோர்ட் வாசலில் ஏராளம். வாடகையை ஏற்றவும் நியாய வாடகை மனு போட வேண்டும்.

கணக்குப் படித்தவனாக இதைப் பார்த்தால் ஒன்று புரிகிறது. உள்ளே வந்தவரை வெளியே அனுப்புவது கஷ்டம் என்றால், வீட்டுக்காரர் தன் ஜாக்கிரதை முழுவதையும் வாசற்படியிலேயே செலவழிப்பார். மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி குடித்தனக்காரர் பார்ப்பார். அட்வான்ஸை ஏற்றுவார். வக்கீலுக்கும் போலீஸுக்கும் வீடு தர யோசிப்பார். பதினொரு மாத அக்ரிமென்ட் போடுவார். (ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டம். பதினொரு மாதத்தின் மர்மம் அவ்வளவுதான்.) சம்பளச் சீட்டு எல்லோரிடமும் இல்லாத காலத்தில், "எந்த ஊர்?" என்பது ஒரு வகையில் ஜாமீன் கேட்பதுதான். நாளைக்கு ஏதாவது ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது?

பெரியப்பாவும் இதையேதான் சொன்னார். "உள்ள உட்டுட்டா வெளிய அனுப்ப முடியாது தம்பி. அதனாலதான் கேக்கறது."

ஆனால் இந்தச் சமாதானத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. 1960 சட்டம் நேரடியாகப் பொருந்தியது சென்னைக்கும் மதுரைக்கும் நகராட்சிகளுக்கும்தான். அன்னூர் மாதிரி பேரூராட்சிக்கும் கிராமத்துக்கும் அரசு தனியாக அறிவிப்புப் போட்டால்தான் வரும். சட்டம் எட்டிப் பார்க்காத சின்னச் சின்ன ஊர்களிலும், ஒற்றைச் சொல்லில் ஆளைக் காலி செய்ய வைக்க முடிந்த இடத்திலும், "என்ன ஆளுங்க?" கேட்கப்பட்டது. அப்படியென்றால் அது ரென்ட் கன்ட்ரோலரின் பயத்தில் பிறந்த கேள்வி இல்லை. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று தெருவைப் பிரித்துக் கட்டியவர்களின் கேள்வி. அட்வான்ஸுக்கும் பதினொரு மாதத்துக்கும் சட்டத்தைக் காரணம் காட்டலாம். இதற்கு முடியாது.

கோவைப் பக்கத்து லைன் வீடு அதற்கு நல்ல சாட்சி. 1888-ல் ஸ்டேன்ஸ் துரையின் மில் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் வரிசையாக முளைத்தன. கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு ஒற்றை அறையும் சமையல் மூலையுமாக வரிசை வீடுகள் எழும்பின. ஒரே சுவர், ஒரே குழாய், ஒரே குளியலறை. மில்லுக்குள்ளே பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றவர்கள்தான். ஆனால் ஒரே குழாயில் குடம் வைப்பது என்று வந்தபோது பழைய கிராமம் திரும்பி வந்து நின்றது.

பிறகு பயங்கள் மாறின, கேள்வியும் கூடவே வேஷம் மாற்றிக்கொண்டது. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கோவையில் முஸ்லிம் பெயரைச் சொல்லி வீடு கேட்பது எவ்வளவு கஷ்டமானது என்பதை அந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2012 பிப்ரவரியில் இன்னொன்று. சென்னை பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் நடந்த வங்கிக் கொள்ளைகளில் சந்தேகப்பட்ட ஐந்து பேரை வேளச்சேரி வாடகை வீடு ஒன்றில் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதையடுத்து, குடித்தனக்காரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னையில் உத்தரவு வந்தது. "எந்த ஊர்?" என்ற கேள்வி "எந்த மாநிலம்?" ஆனது.

இதே காலத்தில் டெல்லி வட்டாரத்தில் பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். வாடகை வீட்டுக்கு விதவிதமான பெயர்களில் போன் போட்டுப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயர் சொன்னவர்களுக்கு எங்கேயும் கதவு மூடவில்லை. தலித்துகளில் நூற்றுக்கு 18 பேருக்கும், முஸ்லிம்களில் 31 பேருக்கும் போனிலேயே "இல்லை" என்று பதில் வந்தது. நேரில் போவதற்கு முன்பே!

சட்டம் தடுக்காதா? அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு கடை, ஹோட்டல், கிணறு, குளம், சாலை என்று பட்டியல் போடுகிறது. வாடகை வீடு அதில் இல்லை. அமெரிக்காவில், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, நிறமும் மதமும் பார்த்து வீடு மறுக்கக்கூடாது என்ற சட்டம் கையெழுத்தானது. அதிலும் ஒரு சலுகை வைத்தார்கள். தானும் அங்கேயே குடியிருக்கும் சின்ன வீட்டுக்காரருக்கு விலக்கு உண்டு. ஆனால் விளம்பரத்தில் மட்டும் அப்படி எழுதக்கூடாது! பெரியப்பா சொன்னதேதான் இல்லையா? நிறத்தைப் பொறுத்தவரை அந்தச் சந்தையும் சீக்கிரமே அடைத்தார்கள். 1866-ம் வருஷத்துப் பழைய சட்டம் ஒன்றே அதைத் தடுக்கிறது என்று அவர்களுடைய சுப்ரீம் கோர்ட் அதே ஜூனில் தீர்ப்பளித்தது.

நம் பக்கம் 1960 சட்டம் 2019 பிப்ரவரி 22-ல் விடைபெற்றது. அதன் இடத்தில் 2017-ல் இயற்றிய புதிய சட்டம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், அட்வான்ஸுக்கு மூன்று மாத அளவு. ஒப்பந்தக் காலம் முடிந்தால் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். பெரியப்பா சொன்ன பயத்துக்குப் பெரிய வேலையில்லை. பதிவுக்கான படிவத்தில் வீட்டுக்காரர் பெயர், குடித்தனக்காரர் பெயர், வீட்டு விவரம், வாடகை என்று வரிசையாகக் கட்டங்கள். வாசலில் முதலில் கேட்கும் கேள்விக்கு அதில் கட்டம் கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு இளம் தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். அவருக்குப் பக்கத்து ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர் வேலை. படிவத்தைக் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து நிறுத்தி நிதானமாக எழுதினார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

"வேற ஒண்ணும் கேக்கலீங்களா சார்?"

"இல்லீங்க, அவ்வளவுதான்" என்றேன். அவர் மனைவியைப் பார்த்தார். அந்தப் பெண் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டது.

சாயங்காலம், படிவத்தில் இருந்த பழைய வீட்டுக்காரர் நம்பருக்குப் போன் போட்டேன். மரியாதையாகப் பேசினார். நல்ல குடும்பமுங்க, சத்தம் சண்டை கிடையாதுங்க என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"அவங்க என்ன ஆளுங்கன்னு விசாரிச்சீங்களா?"

"வாடகை ஒழுங்கா குடுத்தாங்களான்னு கேக்கத்தானுங்க கூப்பிட்டேன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதெல்லாம் அஞ்சு தேதிக்குள்ள வந்துருமுங்க. மூணு வருஷத்துல ஒரு மாசங்கூடத் தவறலை."

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி பால் காய்ச்சுகிறார்கள். பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.