குறைமாதக் குழந்தைகளின் குடும்பங்களுக்கான அறக்கொடைத் தங்குமிடங்கள்

கருக்காலத்தின் 37 வாரங்கள் நிறைவதற்கு முன்பே பிறந்து, மருத்துவமனையில் பல வாரங்களோ மாதங்களோ வைத்துப் பேணப்படும் குழந்தைகளின் பெற்றோரும் உடன்பிறந்தோரும் கட்டணமின்றியோ மிகக் குறைந்த கட்டணத்திலோ தங்குவதற்கு, மருத்துவமனையின் அருகிலோ அதன் வளாகத்திலோ நன்கொடையைக் கொண்டு நடத்தப்படும் இல்லங்கள் இப்பெயரால் சுட்டப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை புற்றுநோய் முதலிய நெடுநாள் நோய்களுக்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் குடும்பங்களையும் ஏற்பவை. தாயையும் சேயையும் பிரித்துவைத்த மருத்துவ நடைமுறை மெல்ல மாறிய வரலாற்றோடு இவற்றின் வரலாறு பிணைந்துள்ளது.

தோற்றப் பின்னணி

பாரிஸ் நகரின் மகப்பேற்று மருத்துவர் ஸ்தெஃபான் தார்னியே, கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவியைத் தழுவி, எடை குறைந்த குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டர் எனும் பெட்டியை 1880களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் வழியில் பணியாற்றிய பியேர் பூதேன், குழந்தையை விட்டுப் பிரிந்திருக்கும் தாய்க்கு அதன் மீதுள்ள ஈடுபாடு குன்றிவிடுவதைக் கண்டறிந்து, தாய்மார் அருகிலிருந்து பாலூட்ட வேண்டும் என்று வலியுறுத்தினார். ஆயினும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவமனைகள் பலவும் நோய்த்தொற்றுக்கு அஞ்சிப் பெற்றோரைக் கண்ணாடிச் சாளரத்துக்கு வெளியே நிறுத்தியதால், தம் குழந்தையை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் நாள்வரை தொட்டறியாத தாய்மார் பலர் இருந்தனர்.

இந்நடைமுறை 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தளர்ந்தது. மருத்துவமனையிலுள்ள குழந்தைகளைப் பெற்றோர் தடையின்றிப் பார்க்கவும், சிறு குழந்தைகளுடன் தாய்மார் தங்கவும் வழி செய்ய வேண்டும் என்று பிரிட்டனில் ஹாரி பிளாட் தலைமையிலான குழு 1959இல் பரிந்துரைத்தது. தாய்மாரைக் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குள் அனுமதிப்பதால் தொற்று கூடவில்லை என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1970இல் வெளியிட்ட ஆய்வு, அச்சத்தின் அடிப்படையையே அசைத்தது.

கதவு திறந்தது, தொலைவு கூடியது

பெற்றோருக்குக் கதவு திறந்த அதே காலத்தில், குழந்தை பேணப்படும் இடம் அவர்களின் ஊரிலிருந்து தொலைவுக்குச் சென்றது. லூயிஸ் குளுக் 1960இல் யேல் பல்கலைக்கழக மருத்துவமனையில் அமைத்த பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவைப் போன்றவை பெருநகரங்களிலேயே உருவாயின. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் பாட்ரிக் 1963 ஆகஸ்டில் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, மூச்சுத்திணறலுக்காக பாஸ்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, தாய் ஜாக்குலின் பிரசவமான மருத்துவமனையிலேயே இருக்க நேர்ந்தது. குழந்தை இரண்டு நாள் நிறைவதற்குள் இறந்தது. பேறுகாலச் சேவைகளை மூன்று நிலைகளாகப் பிரித்து, மிகச் சிக்கலான சிகிச்சையை வட்டார மையங்களில் குவிக்குமாறு 1976இல் அமெரிக்காவில் வெளியான அறிக்கை பரிந்துரைத்தது. நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் பொருளைச் செலுத்திப் பயன் கண்டதாக ஜப்பானிய மருத்துவர் தெத்சுரோ ஃபுஜிவாரா 1980இல் அறிவித்த பின், மேலும் சிறிய குழந்தைகள் பிழைத்தனர். அவர்கள் மருத்துவமனையில் இருக்க வேண்டிய காலமும் நீண்டது. பணம் படைத்தோர் அறை எடுத்துத் தங்கினர். ஏனையோர் நடைக்கூடத்து நாற்காலிகளில் உறங்கினர் அல்லது குழந்தையை விட்டு ஊர் திரும்பினர்.

பிலடெல்பியா இல்லம்

இக்குறையைப் போக்கிய முயற்சிகளுள் பெரிதாக வளர்ந்தது ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம். பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் புற்றுநோய் மருத்துவரும் இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்தவருமான ஆட்ரி எவன்ஸ், தம்மிடம் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளின் பெற்றோர் தங்குவதற்கு ஒரு வீடு வேண்டும் என்று எண்ணியிருந்தார். பிலடெல்பியா ஈகிள்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியின் வீரர் ஃபிரெட் ஹில்லின் மகள் கிம் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றபோது அணியினர் நிதி திரட்ட முன்வந்தனர். அணியின் பொது மேலாளர் ஜிம் மர்ரி, மெக்டொனால்ட்ஸ் உணவக நிறுவனத்தின் வட்டாரப் பொறுப்பாளர்களை அணுகி, பச்சை நிற மில்க் ஷேக் விற்பனையில் கிடைத்த பணத்தைப் பெற்றார். 1974 அக்டோபர் 15 அன்று முதல் இல்லம் திறக்கப்பட்டது.

பரவலும் நடைமுறையும்

1977இல் சிகாகோவிலும், 1981இல் கனடாவின் டொராண்டோவிலும் இத்தகைய இல்லங்கள் எழுந்தன. மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தை வளர்த்த ரே கிராக்கின் நினைவாக 1984இல் இவ்வில்லங்களுக்கான அறக்கட்டளை அமைந்தது. இன்று 60க்கும் மேற்பட்ட நாடுகளில் அதன் பணி நடைபெறுகிறது. பிரிட்டனில் மருத்துவர்கள் இருவர் 1982இல் தொடங்கிய நோயுற்ற குழந்தைகள் அறக்கட்டளையும் இதே பணியைத் தனியே செய்து வருகிறது. இவ்வில்லங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அறையும், பொதுச் சமையலறையும், துணி துவைக்கும் இடமும் உண்டு. தன்னார்வலர்கள் உணவு சமைத்துத் தருகின்றனர். மருத்துவமனையின் சமூகப் பணியாளர் வழியாகக் குடும்பங்கள் அனுப்பப்படுவதும், தொலைவிலிருந்து வருவோருக்கு முன்னுரிமை அளிக்கப்படுவதும் வழக்கம். மருத்துவமனைக்குள்ளேயே பெற்றோர் இளைப்பாறுவதற்கான குடும்ப அறைகள் 1990களில் சேர்ந்தன.

மருத்துவப் பயன்

தாய்ப்பால், குறைமாதக் குழந்தையின் குடற்சுவர் அழுகும் கொடிய நோய்க்கு எதிராகக் காப்பளிப்பது. தாய் அருகில் தங்கினால்தான் நாளுக்குப் பலமுறை பாலைப் பீய்ச்சித் தர இயலும். தாயின் நெஞ்சோடு குழந்தையை அணைத்துவைக்கும் கங்காரு தாய் பராமரிப்பும் அவ்வாறே. இம்முறையை, இன்குபேட்டர்கள் போதாத நிலையில், கொலம்பியாவின் போகோட்டா நகரில் எட்கர் ரே சனாப்ரியா 1978இல் தொடங்கினார். பெற்றோர் இரவும் பகலும் உடனிருந்தால் குழந்தை மருத்துவமனையில் இருக்கும் காலம் சராசரியாக 5 நாள் குறைவதாக ஸ்டாக்ஹோமில் நடந்த ஆய்வு 2010இல் காட்டியது. பிறந்த உடனே கங்காரு பராமரிப்பைத் தொடங்கினால் பிறப்பு எடை 1 கிலோ முதல் 1.8 கிலோ வரையுள்ள குழந்தைகளின் இறப்பு 25 விழுக்காடு குறைவதாக 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வு நிறுவியது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்த அந்த ஆய்வில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் பங்கேற்றது.

இன்றைய நிலை

இவ்வாய்வுகளின் பயனாக, தாயின் படுக்கையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே அமைக்கும் தாய்–சேய் பிரிவுகள் உருவாகி வருகின்றன. அவை பெருகினாலும் தந்தைக்கும், மூத்த பிள்ளைகளுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் இடம் தேவைப்படும். கூலி இழந்து நகரத்துக்கு வந்த குடும்பத்துக்கு உணவும் வேண்டும். 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1.34 கோடிக் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் இத்தகைய இல்லங்கள் அரிதாக உள்ள ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஆகவே பச்சிளங்குழந்தைப் பிரிவைத் திட்டமிடும்போதே கருவிகளுக்கும் மருந்துகளுக்கும் நிதி ஒதுக்குவதுபோல் குடும்பம் தங்குவதற்கும் இடமும் நிதியும் ஒதுக்குவது, அறமாகவும் சிகிச்சையின் இன்றியமையாத கூறாகவும் கொள்ளத்தக்கது.