நெல்லிவாசல்நாடும் கற்பனை நாடுகளும்

நண்பர்கள் சிலர் சேர்ந்து வார இறுதிகளில் ஒரு கேம் பண்ணிக்கிட்டு இருக்கோம். மலை, காடு, ராஜா, பூதம் எல்லாம் இருக்கிற ஒரு கற்பனை உலகம். நிரல் எழுதறதுதான் பொழைப்பு, அதனால அந்தப் பகுதி ஓடிடும். வரைபடத்துல ஊருக்குப் பேர் வைக்கறதுதான் பெரும்பாடு. கற்பனை உலகம்னாலே வாயில நுழையாத பேர்தான் வைக்கணும்னு ஏதோ அரசாணை இருக்கிற மாதிரி, ஆளாளுக்கு 'ஸார்கோனியா', 'மிஸ்ட்ராலியா'ன்னு அடிச்சு விடறாங்க :-)

இந்தத் தொழிலின் பெரிய வாத்தியார் டோல்கியன் அப்படிச் செய்யலை. அவர் ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். 1937-ல் வந்த 'ஹாபிட்'டின் குள்ள மனிதர்கள் வாழும் இடத்துக்கு அவர் வைத்த பேர் 'ஷயர்'. அது இங்கிலாந்தில் நூற்றாண்டுகளாக மாவட்டத்தைக் குறிக்கும் சாதாரணச் சொல். யார்க்‌ஷயர், லங்காஷயர் எல்லாம் கேள்விப்பட்டிருப்பீங்களே, அதே ஷயர்தான்.

நம்மகிட்ட ஷயர் இல்லையா? ஜவ்வாது மலைக்குப் போங்க.

திருப்பத்தூரிலிருந்து மலை ஏறினா புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடுன்னு வரிசையா நாடுகள். மூணும் இன்றைக்கு ஊராட்சிகள். அங்கே பெரும்பான்மையா வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். (கேரளாவுக்கு டிக்கெட் எடுத்துடாதீங்க. இவங்க தமிழ் பேசற மலைவாழ் மக்கள். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்தோம்னு அவங்க வாய்மொழிக் கதை சொல்லுது.) கொல்லிமலைக்குப் போனாலும் வாழவந்திநாடு, அரியூர்நாடு, சேலூர்நாடுன்னு இதே கதைதான்.

நமக்கு இப்போ நாடுன்னா தேசம், பாஸ்போர்ட், கிரிக்கெட் டீம். ஆனா சோழர் கல்வெட்டுகளில் நாடு என்பது சில பல ஊர்கள் சேர்ந்த ஒரு சின்ன வட்டாரம். கல்வெட்டில் ஓர் ஊரைச் சொல்லும்போது இன்ன மண்டலத்து, இன்ன வளநாட்டு, இன்ன நாட்டு, இன்ன ஊர்னு முழு முகவரியோடு சொல்வாங்க. சமவெளியில் அந்தப் பழைய அர்த்தம் பெரும்பாலும் வழக்கொழிஞ்சு போச்சு. மலைமேல் மட்டும் அது இன்னும் புழக்கத்தில் இருக்கு.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம் வருது. முதலாம் ராஜராஜன் 1000-ஆம் ஆண்டை ஒட்டி நாடுகளைத் தொகுத்து வளநாடுகள் அமைச்சு, தன்னோட பட்டப்பேர்களையே அவற்றுக்கு வைத்தான். க்ஷத்ரியசிகாமணி வளநாடு, அருமொழிதேவ வளநாடு, இப்படி. தொண்டை மண்டலமே ஜெயங்கொண்ட சோழ மண்டலம் ஆச்சு. பின்னால் வந்த முதலாம் குலோத்துங்கன் சும்மா இருப்பானா? அவனும் வளநாடுகளுக்குத் தன் பட்டங்களைச் சூட்டினான். இன்னிக்கு அந்த வளநாடுகள் எங்கே? கல்வெட்டுப் படிக்கறவங்களுக்குத்தான் தெரியும். கங்கைகொண்ட சோழபுரம் நிலைச்சுதேன்னு கேட்கலாம். அது புதுசா எழுப்பின தலைநகர். ஜனங்க வாயில் ஏற்கனவே ஊறிப்போன இன்னொரு பேரோடு அது போட்டி போட வேண்டியிருக்கலை.

நெல்லிவாசல்நாட்டையே பாருங்க. திருப்பத்தூர் வட்டம் பிரிட்டிஷ் காலத்தில் முதலில் சேலம் மாவட்டம், அப்புறம் வட ஆற்காடு, அப்புறம் வேலூர், 2019 முதல் திருப்பத்தூரே தனி மாவட்டம். மேலே பலகை மாறிக்கிட்டே இருக்கு. கீழே நெல்லியும் வாசலும் அப்படியே இருக்கு.

அந்த வாசலும் சும்மா இல்லை. பழைய 'வாயில்'தான் வாசல் ஆச்சு. சங்க காலக் குடவாயில் இன்றைய குடவாசல். ஜவ்வாது மலையின் தென்புறத்து அடிவாரத்தில் இருக்கிற செங்கம், மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மா. ஊட்டி கதை இன்னும் வேடிக்கை. தோடர் குடியிருப்பைக் குறிக்கும் 'மந்து' வெள்ளைக்காரன் வாயில் 'ஊட்டக்கமண்ட்' ஆகி, ஒருபக்கம் 'ஊட்டி'யா சுருங்கி, இன்னொருபக்கம் அரசாங்கப் பலகையில் 'உதகமண்டலம்' ஆகிடுச்சு. ஒரு மந்து, மண்டலமாகவே பதவி உயர்வு வாங்கிடுச்சு!

சிரிக்கலாம். ஆனா இதில் இழப்பும் இருக்கு. மண்டலம்னு படிக்கிறவனுக்குத் தோடர் ஞாபகம் வராது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் ஊர் தகடூர். இப்போ அது தருமபுரி. அந்தப் பேருக்குள்ள அதியமான் இல்லை. சங்கப் பாட்டும் கல்வெட்டும் இருந்ததால் அவன் ஊரைக் கண்டுபிடிச்சுட்டோம். மலைமேல் இருந்தவங்களுக்கு அப்படி யார் பாடி வெச்சாங்க? அவங்களைப் பத்தி எழுதினது பெரும்பாலும் கீழே இருந்தவங்க. அவங்க தங்கள் வாயாலேயே சொல்லி விட்டுப் போனது இந்தப் பேர்களைத்தான்.

செங்கம் பக்கத்து நடுகற்களை இரா. நாகசாமி தொகுத்து 1972-ல் நூலா வந்துச்சு. பல்லவர் கால மாட்டுச் சண்டைகள் அதில் நிறைய. எந்த ஊர் மாட்டை யார் கவர்ந்தான், மீட்கப் போய் எவன் செத்தான்னு கல்லில் இருக்கு. அந்த ஊர்ப் பேருக்குப் பின்னால் ஒருத்தன் உயிர் இருக்கு.

சரி, கேமுக்கு வருவோம். நான் எடுத்துக்கிட்ட விதிகள் இவ்வளவுதான்:

1. ஊருக்குப் பேர் வைப்பது ஊர்க்காரன். அவனுக்குக் கண்ணில் படுவது மரம், தண்ணி, மேடு, வழி.

2. ராஜா வைக்கிற பேர் நீளமா, அவன் பட்டத்தோடு இருக்கும். அடுத்த ராஜா வந்தா மாறும். வரைபடத்தில் ரெண்டும் தெரியணும்.

3. வைத்த பேரை ஐநூறு வருஷம் ஜனங்க வாயில் போட்டு மெல்ல விடணும். தேஞ்சு வருவதுதான் வரைபடத்தில் வரணும்.

4. மலைமேல் பழைய சொல் தங்கும். சமவெளியில் செத்த சொல்லை அங்கே வைக்கலாம்.

ஐந்தாவது ஒண்ணு, இது கேமுக்கு மட்டும் இல்லை. ஒரு பேரை அழிக்கும் முன்னாடி அது யார் வைத்த பேர்னு கேட்டுக்கணும்.

உங்க ஊர்ப் பேரையும் ஒருதரம் பிரிச்சுப் பாருங்க மக்களே. பாட்டி இருந்தா பாட்டியைக் கேளுங்க. கூகுளுக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.