வீட்டில் கிடக்கும் பழைய மின்னியல் சாதனங்கள்: கணினிக்கு எது உதவும், எதைத் தொடக்கூடாது?

2025 இறுதியிலிருந்து கணினி ரேம் விலை வேகமாக ஏறியது. ஏஐ தரவு மையங்களுக்கு நினைவகச் சில்லுகள் பெருமளவில் தேவைப்படுவதே முக்கியக் காரணம். அத்தகைய தரவு மையங்கள் ஜொகூரிலும், கூலாய் செடெனாக், இஸ்கண்டார் புத்ரி நூசாஜெயா பகுதிகளில் பெருகி வருகின்றன. ரேம் தயாரிக்கும் மைக்ரோன் நிறுவனம், பொதுப் பயனர்களுக்கான 'குருஷல்' விற்பனையிலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

புதுசு வாங்க காசு இல்லைன்னா, ஸ்டோர் ரூமில் கிடப்பதைப் பயன்படுத்த முடியுமா? சிலவற்றை முடியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

சாட்டா, யுஎஸ்பி, எச்டிஎம்ஐ போன்ற பொதுவான இணைப்பு உள்ள பாகம் பெரும்பாலும் கணினிக்குப் பொருந்தும். போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டிய பாகம் பொருந்தாது. ஸ்மார்ட் டிவி, கைப்பேசி ஆகியவற்றின் ரேம் இந்த இரண்டாவது வகை.

எவை உதவும்?

* ஹார்ட் டிஸ்க்: சிசிடிவி பதிவுப் பெட்டியில் பெரும்பாலும் 3.5 அங்குல சாட்டா டிஸ்க் இருக்கும். பிளேஸ்டேஷன் 3, 4 இரண்டிலும் 2.5 அங்குலம். வேகம் குறைவு என்பதால் விண்டோஸ் போட வேண்டாம். படம், வீடியோ சேமிக்க இரண்டாவது டிஸ்க்காக வைக்கலாம்.
* மடிக்கணினி ரேம்: வழக்கமான மேசைக் கணினியில் இது நுழையாது. மினி பிசி, இன்னொரு மடிக்கணினி ஆகியவற்றில் போடலாம். டிடிஆர்3, டிடிஆர்4 ஒன்றுக்கொன்று மாறாது. வெட்டு இருக்கும் இடமே வேறு.
* மடிக்கணினித் திரை: பின்பக்க மாடல் எண்ணைப் பார்த்து அதற்குரிய கன்ட்ரோலர் போர்டு வாங்கினால் தனி மானிட்டராகும்.
* டிவி: எதையும் கழற்றத் தேவையில்லை, எச்டிஎம்ஐ போதும். ஓரங்கள் வெட்டுப்பட்டால் டிவி அமைப்பில் 'பிசி' முறைக்கு மாற்றுங்கள்.

டிஸ்க்கை நம்பலாமா?

சிசிடிவி டிஸ்க் இரவு பகலாகச் சுழன்றது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் நிலையைப் பாருங்கள். பழுதான பகுதிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், முக்கியமான எதையும் அதில் வைக்காதீங்க. நல்ல டிஸ்க்கில் இருந்தாலும், குடும்பப் படங்களுக்கு இன்னொரு பிரதி வேண்டும்.

அதில் பக்கத்து வீட்டாரின் முகங்களும் பதிவாகியிருக்கலாம். 'டிலீட்' செய்தால் மட்டும் போதாது, மீட்டெடுக்க முடியும். 'குயிக் ஃபார்மட்' தேர்வை நீக்கிவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள். டிஸ்க்கை விற்பதற்கு முன்பும் இதே வேலைதான்.

எதைத் தொடக்கூடாது?

* பவர் சப்ளை: நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பெட்டிக்குள் உள்ள பெரிய கெப்பாசிட்டரில் அது ஏறக்குறைய 325 வோல்ட்டாகச் சேரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றம் தங்கியிருக்கலாம்.
* பழைய குழாய் டிவி: உள்ளே 25,000 வோல்ட் வரை உருவாகும்.
* மைக்ரோவேவ் அடுப்பு: இதன் கெப்பாசிட்டர் உயிரையே பறிக்கக்கூடும்.
* உப்பிய பேட்டரி: குத்தினால், வளைத்தால் தீப்பிடிக்கும்.

'யூடியூப்ல செஞ்சாங்களே' என்பது இவற்றைத் திறக்கக் காரணமாகாது. சந்தேகம் இருந்தால் ஜொகூர் பாரு ஹாலிடே பிளாசா போன்ற இடங்களில் உள்ள கணினிக் கடைகளில் கேளுங்கள். சந்தாவோடு வந்த டிகோடர் நிறுவனத்தின் சொத்தாகவும் இருக்கலாம். ஒப்பந்தத்தைப் பார்க்காமல் பிரிக்க வேண்டாம்.

மிச்சத்தை என்ன செய்வது?

2005 சுற்றுச்சூழல் தர விதிமுறைகளின்படி, மலேசியாவில் மின்னியல் கழிவு 'எஸ்டபிள்யூ 110' எனக் குறிக்கப்படும் அட்டவணைக் கழிவு. குப்பைத் தொட்டியில் போடாமல், சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். 2022-இல் உலகம் முழுவதும் உருவான 6.2 கோடி டன் மின்னியல் கழிவில், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே.