பாதி வழக்கில் பறிபோன அதிகாரம்

அமெரிக்கத் தலைமை நீதிபதி சால்மன் சேஸ் 1869 ஏப்ரலில் வழங்கிய தீர்ப்பு மிகச் சிறியது. ராணுவம் ஒரு கைதியைப் பிடித்து வைத்தது சரியா என்ற கேள்விக்குள் அது நுழையவே இல்லை. விசாரிக்க அதிகாரம் இல்லை என்று சொல்லி மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. வழக்கு வந்தபோது அந்த அதிகாரம் இருந்தது. வாதமும் நடந்து முடிந்திருந்தது.

மனுதாரர் வில்லியம் மெக்கார்டில், மிசிசிப்பியின் விக்ஸ்பர்க் நகரப் பத்திரிகை ஆசிரியர். உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலங்கள் அப்போது ராணுவத் தளபதிகளின் பிடியில் இருந்தன. அந்த ஆட்சியைத் தாக்கி நஞ்சு கக்கி எழுதியதற்காக 1867 நவம்பரில் கைதானார். அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய ஆட்கொணர்வுச் சட்டத்தின் கீழ் மனு போட்டார். விடுதலையான அடிமைகளையும் வடக்கின் ஆதரவாளர்களையும் காப்பதற்காக வந்த சட்டம் அது. அவர் எழுத்தை யாரும் ஆதரிக்க வேண்டியதில்லை. மனுவுக்குப் பதில் கேட்கும் உரிமை அவருக்கும் உண்டு.

வழக்கு மேல்முறையீட்டில் வர, 1868 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் நான்கு நாள் வாதம். ராணுவ ஆட்சிச் சட்டமே செல்லாது என்று நீதிபதிகள் சொல்லிவிடுவார்களோ என்று காங்கிரஸ் அஞ்சியது. வரி வழக்குகள் பற்றிய ஒரு மசோதாவின் வாலில் ஒரு பிரிவு ஒட்டப்பட்டது: 1867 சட்டப்படி வரும் மேல்முறையீடுகளை, ஏற்கெனவே வந்துவிட்டவை உட்பட, உச்ச நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது. அப்போது பதவிநீக்க விசாரணையில் சிக்கியிருந்த ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். மார்ச் 27 அன்று அதை மீறிச் சட்டம் நிறைவேறியது. அதுவரை தீர்ப்பு சொல்லாமல் நீதிமன்றம் காத்திருந்ததை நீதிபதி ராபர்ட் கிரியர் வெளிப்படையாகவே கண்டித்தார். அவர் கோபம் நியாயமானது.

மேல்முறையீட்டு அதிகாரத்துக்குக் காங்கிரஸ் விதிவிலக்கு வகுக்கலாம் என்கிறது அரசியல் சாசனம். சேஸ் அதைத்தான் பிடித்துக்கொண்டார். ஆனால் 1789 சட்டம் தந்த பழைய ஆட்கொணர்வு அதிகாரம் அப்படியே இருக்கிறது என்றும் கடைசியில் எழுதி வைத்தார். சில மாதங்களில் எர்கர் என்ற இன்னொரு கைதியின் மனு அந்த வழியாகவே ஏற்கப்பட்டது. பறிக்கப்பட்ட மேல்முறையீடு திரும்பி வர 1885 ஆயிற்று.

மேல்முறையீட்டைக் காங்கிரஸ் பறிக்கலாமா என்ற கேள்வி 1996இல் மறுபடி எழுந்தது. ஓக்லஹோமா குண்டுவெடிப்புக்கு அடுத்த ஆண்டு வந்த சட்டம், கைதி இரண்டாம் முறை ஆட்கொணர்வு மனு போட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளிடம் முன் அனுமதி வாங்கச் சொன்னது. அனுமதி மறுக்கப்பட்டால் அதை எதிர்த்து மேல்முறையீடோ மறுசீராய்வோ கிடையாது. ஜார்ஜியாவின் மரண தண்டனைக் கைதி எல்லிஸ் ஃபெல்கர் இதை எதிர்த்தார். உச்ச நீதிமன்றத்தில் நேரடியாக மனு போடும் பழைய வழி திறந்திருப்பதால் சட்டம் செல்லும் என்று ஜூன் 28 அன்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. அந்த வழியில் அவர் போட்ட மனுவும் தள்ளுபடியானது. நவம்பரில் தண்டனை நிறைவேறியது.