செய்தியின் அறிவிப்பாளர் யார்?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

 

பனூ முஸ்தலிக் குலத்தாரிடம் ஸகாத் பெற்று வருமாறு நபி (ஸல்) அவர்கள் ஒருவரை அனுப்பி வைத்தார்கள். அவரை வரவேற்க அக்குலத்தார் திரண்டு வந்தனர். அத்திரளைத் தொலைவில் கண்ட அவரோ, தம்மைக் கொல்ல வருகிறார்கள் என்று அஞ்சித் திரும்பிவிட்டார். 'ஸகாத் தர மறுக்கிறார்கள், என்னைக் கொல்லவும் துணிந்தார்கள்' என்று மதீனாவில் அறிவித்தார். முஸ்லிம்களிடையே கோபம் மூண்டது. படையெடுப்புப் பேச்சும் எழுந்தது. பின்னர் விசாரித்தபோதுதான் அக்குலத்தார் ஈமானில் உறுதியாக இருப்பது தெரிய வந்தது. இந்நிகழ்ச்சியை ஒட்டியே அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் அருளப்பட்டது என்று விரிவுரையாளர்கள் பலர் எழுதுகின்றனர்.

அவ்வசனத்தில் அல்லாஹ் இரண்டு செய்திகளை நமக்கு உணர்த்துகின்றான். நம்பத்தகாதவன் கொண்டு வரும் செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும் என்பது ஒன்று. விசாரிக்கத் தவறினால், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது எச்சரிக்கை எத்துணை உண்மையானது என்பதற்கு நம் காலத்து வரலாறே சாட்சியாக நிற்கிறது.

ஒரு சிறுமியின் கண்ணீர்

1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் இராக் படை குவைத்தை ஆக்கிரமித்தது. அது அப்பட்டமான அநீதி. அங்கே கொலைகளும் சித்திரவதைகளும் நடந்தன என்பதில் ஐயமில்லை. எனினும், அமெரிக்கா போரில் இறங்க வேண்டுமா என்பதில் அந்நாட்டு மக்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

அவ்வாண்டு அக்டோபர் 10ஆம் நாள், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு ஒன்றின் முன் 15 வயதுச் சிறுமி ஒருத்தி வந்து நின்றாள். 'நயீரா' என்ற பெயர் மட்டுமே கூறப்பட்டது. குவைத்தில் உள்ள உறவினரின் பாதுகாப்புக் கருதி முழுப்பெயர் மறைக்கப்படுவதாகச் சொல்லப்பட்டது. குவைத் மருத்துவமனையொன்றில் இராக் வீரர்கள் புகுந்து, இன்குபேட்டர்களில் இருந்த பச்சிளங் குழந்தைகளை எடுத்துக் குளிர்ந்த தரையில் போட்டுச் சாகவிட்டதைத் தான் பார்த்ததாக அவள் கண்ணீர் மல்கக் கூறினாள்.

அக்காட்சி தொலைக்காட்சிகளில் ஓடியது. அதிபர் ஜார்ஜ் புஷ் தம் உரைகளில் மீண்டும் மீண்டும் அதை எடுத்துக் கூறினார். டிசம்பரில் ஆம்னெஸ்டி அமைப்பும் 300க்கும் மேற்பட்ட குழந்தைகள் இவ்வாறு இறந்ததாகத் தன் அறிக்கையில் வெளியிட்டது. 1991 ஜனவரி 12ஆம் நாள் அமெரிக்க செனட் சபை 52க்கு 47 என்ற வாக்குகளில் போருக்கு இசைவளித்தது. செனட்டர்கள் பலர் தம் பேச்சில் இந்தக் குழந்தைகளைக் குறிப்பிட்டிருந்தனர்.

போர் முடிந்தது. 1991 மார்ச்சில் ஏபிசி தொலைக்காட்சியின் செய்தியாளர் குவைத் மருத்துவமனைகளுக்கே சென்று மருத்துவர்களிடம் கேட்டார். அச்செய்தி உறுதிப்படவில்லை. ஏப்ரலில் ஆம்னெஸ்டியும் தன் கூற்றைத் திரும்பப் பெற்றது. 1992 ஜனவரி 6ஆம் நாள், ஜான் மெக்ஆர்தர் என்ற பத்திரிகையாளர் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில் நயீரா யார் என்பதை உலகறியச் செய்தார். அவள் அமெரிக்காவில் இருந்த குவைத் தூதரின் மகள்! குழுவின் தலைவர்களுள் ஒருவருக்கு இது முன்பே தெரிந்திருந்தது. அந்த நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்து, படம்பிடித்துப் பரப்பியது 'ஹில் அண்ட் நோல்டன்' என்ற விளம்பரத் தொடர்பு நிறுவனம். அதற்கு வழங்கப்பட்ட கட்டணம் ஒரு கோடி டாலருக்கும் அதிகம். அப்பணம் ஏறக்குறைய முழுவதும் குவைத் அரசினுடையது.

சிந்தித்துப் பாருங்கள்! குவைத் மக்களின் உண்மையான துயரம் உலகின் முன் இருந்தது. அதன் மீது ஒரு பொய்யை ஏற்றி வைத்தார்கள். பொய் வெளிப்பட்டபோது, உண்மையில் பாதிக்கப்பட்டோரின் சொல்லும் அல்லவா ஐயத்திற்குரியதாயிற்று!

ஒரு வாய், பல எதிரொலிகள்

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே இராக்கின் மீது மற்றொரு போர் மூட்டப்பட்டது. 2002 செப்டம்பர் 8ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் தன் முதல் பக்கத்தில், இராக் அணுகுண்டு செய்வதற்காக அலுமினியக் குழாய்களை வாங்க முயன்றதாகச் செய்தி வெளியிட்டது. செய்தியைத் தந்தவர்கள் பெயர் கூறப்படாத அரசு அதிகாரிகள். அன்றைய தினமே துணை அதிபர் டிக் செனி தொலைக்காட்சியில் தோன்றி, தம் கூற்றுக்குச் சான்றாக அதே பத்திரிகைச் செய்தியைச் சுட்டிக்காட்டினார். அரசு வாய்மொழியாகக் கொடுத்ததைப் பத்திரிகை அச்சிட்டது; பத்திரிகை அச்சிட்டதையே அரசு ஆதாரமாகக் காட்டியது! அக்குழாய்கள் சாதாரண ராக்கெட்டுகளுக்கானவை என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் வல்லுநர்கள் சொன்னது மக்கள் செவிகளை உரிய அளவில் எட்டவில்லை.

2003 பிப்ரவரி 5ஆம் நாள் ஐ.நா. பாதுகாப்பு சபையில் காலின் பாவல், நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்கள் பற்றி உரையாற்றினார். அதற்கு முதன்மையான ஆதாரம், 'கர்வ்பால்' என்ற மறைபெயர் கொண்ட இராக்கிய அகதி ஒருவரின் சொல். தாம் சொன்னது பொய் என்று அவரே 2011இல் ஒப்புக்கொண்டார்.

2003 மார்ச் 20ஆம் நாள் போர் தொடங்கியது. அவ்வாண்டு வாஷிங்டன் போஸ்ட் நடத்திய கருத்துக்கணிப்பில், செப்டம்பர் 11 தாக்குதலில் சதாம் உசேனுக்குப் பங்கிருக்கக்கூடும் என நம்பியவர்கள் 69 விழுக்காட்டினர். அதற்குச் சான்று ஏதுமில்லை என்று அதே செப்டம்பரில் அதிபர் புஷ்ஷே கூறினார். இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்து ஓராண்டு காலம் உச்சரித்ததே போதுமானதாக இருந்தது. 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வுக் குழுவின் அறிக்கையும், இராக்கில் பேரழிவு ஆயுதக் கிடங்குகள் இல்லை என்று முடிவு செய்தது. 2004 மே 26ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் தன் குறைகளை ஒப்புக்கொண்டு ஒரு குறிப்பு வெளியிட்டது. செய்தி வந்தது முதல் பக்கத்தில். திருத்தம் வந்ததோ 10ஆம் பக்கத்தில்! இதற்கிடையே மாண்டவர்கள், அடுத்து வந்த ஆண்டுகளில் மாண்டவர்கள் என லட்சத்திற்கும் அதிகமான இராக்கியப் பொதுமக்கள் மண்ணறை சென்றனர். 'பின்னர் வருந்துவீர்கள்' என்ற இறை எச்சரிக்கையின் பொருள் இதுதான்.

ஹதீஸ் கலை கற்றுத் தரும் பாடம்

அன்பர்களே! ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒரு செய்தியை எடுத்துக்கொண்டால், முதலில் கேட்பது 'யார் சொன்னது?' என்பதே. யாரென்று அறியப்படாத அறிவிப்பாளரை 'மஜ்ஹூல்' என்பார்கள். அவருடைய அறிவிப்பை ஏற்கத் தயங்குவார்கள். நயீராவின் சாட்சியம் இவ்வகையைச் சேர்ந்தது. பெயரில்லா அதிகாரிகளின் கூற்றும் இவ்வகையே.

பொய்யுரைக்க ஒன்றுகூட வாய்ப்பில்லாத அளவுக்குப் பலர், ஒவ்வொரு தலைமுறையிலும் அறிவிக்கும் செய்தியை 'முத்தவாதிர்' என்பார்கள். நூறு பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் ஒரே செய்தியைச் சொல்லும்போது அது முத்தவாதிர் போல் நமக்குத் தோன்றுகிறது. வரிசையைப் பின்னோக்கித் தேடிச் சென்றால், அத்தனை வாய்களுக்கும் பின்னால் ஒரே ஒரு கர்வ்பால் அமர்ந்திருக்கக் காண்கிறோம். எண்ணிக்கையைக் கண்டு மயங்காமல் மூலத்தைத் தேட வேண்டும் என்ற ஞானம், மார்க்க அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நமக்கு விட்டுச் சென்ற சொத்து.

உண்மையைத் தேடியவர்கள் அமெரிக்காவிலும் இருந்தார்கள். நைட் ரிடர் நிறுவனத்தின் செய்தியாளர்கள் சிலர் போருக்கு முன்பே ஐயங்களை எழுப்பி எழுதினர். நயீராவின் மறைபொருளை வெளிக்கொணர்ந்ததும் ஒரு பத்திரிகையாளரே. ஆகவே எல்லாச் செய்தியாளர்களையும் பொய்யர் எனத் தள்ளுவதும் நீதியாகாது.

நம் வீட்டிலிருந்து தொடங்குவோம்

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரப்பப்பட்ட நாளில், அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்களின் மனைவி அப்பேச்சைப் பற்றிக் கணவரிடம் கேட்டார். 'நீ அப்படிச் செய்வாயா?' என்று அவர் திருப்பிக் கேட்டார். 'மாட்டேன்' என்றார் மனைவி. 'ஆயிஷா உன்னைவிடச் சிறந்தவர் அல்லவா!' என்றார் கணவர். அந்த இல்லத்தின் வாசலோடு அப்பொய் நின்றுபோனது. வேறு சிலரோ, நல்லவர்களாக இருந்தும், நாவுக்கு நாவு அதைக் கடத்தினார்கள். அல்லாஹ்வின் கண்டனத்திற்கு ஆளானார்கள்.

இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் செல்பேசி இருக்கிறது. நம் சமுதாயத்தைப் பற்றிப் பொய் பரப்பப்படும்போது உள்ளம் கொதிக்கிறோம், கொதிப்பது நியாயமே. ஆனால், நமக்குப் பிடிக்காத ஒருவரைப் பற்றியோ, ஒரு கூட்டத்தைப் பற்றியோ செய்தி வந்தால், விரல் தயங்குகிறதா? ஒரு பகைமை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக் கூடாது என்ற அல்மாயிதா அத்தியாயத்தின் கட்டளை அந்த நேரத்திற்கும் உரியதுதானே! கேட்டதையெல்லாம் பிறருக்குச் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

எனவே, செய்தி ஒன்று வந்தால் பிள்ளைகளோடு அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை முதலில் சொன்னவர் யார்? அவர் கண்டாரா, கேட்டாரா? இதனால் யாருக்கு ஆதாயம்? விடை கிடைக்காவிட்டால் அச்செய்தி உங்கள் வாசலோடு நிற்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளையும் விரல்களையும் பொய்யிலிருந்து காப்பானாக! அநீதியாகக் கொல்லப்பட்டோர் மீது அருள் பொழிவானாக! உண்மையை உண்மையெனக் கண்டு அதனைப் பின்பற்றும் நற்பேற்றை நமக்கும் நம் சந்ததியினருக்கும் வழங்குவானாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!