யாரைக் கேட்டு ரத்தம் எடுத்தார்கள்?

1986 பிப்ரவரி. சென்னையில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, 80க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, கணவருடன் காட்பாடிக்கு ரயில் ஏறினார். மாதிரிகள் போய்ச் சேர்ந்த இடம் வேலூர் சி.எம்.சி. அப்போது திருவண்ணாமலை தனி மாவட்டம் அல்ல. 1989 வரை வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. பெரிய நோய் என்றால் இன்றும் நம் ஊர்க்காரர்கள் பஸ் ஏறுவது அந்த ஆஸ்பத்திரிக்குத்தான்.

ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது. இந்தியாவில் அந்தக் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அப்போதுதான். நிர்மலாவையும் அவருக்கு வழிகாட்டிய டாக்டர் சுனிதி சாலமனையும் மருத்துவ உலகம் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும், அந்தக் கண்டுபிடிப்பு பல உயிர்களைக் காத்தது. நாம் கேட்க வேண்டியது வேறு கேள்வி. அந்த ரத்தம் யாருடையது?

பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டு, சென்னையில் அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களுடையது. எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அவர்களிடம் சொல்லவில்லை. அவர்கள் ஏழைகள், படிக்காதவர்கள், சொன்னாலும் புரிந்திருக்காது என்று நிர்மலாவே பின்னாளில் ஒரு பேட்டியில் விளக்கினார். இந்த வாதம் நமக்குப் புதிதல்ல. "உங்களுக்குப் புரியாது" என்று சொல்லித்தானே காலங்காலமாக நம்மைக் கேட்காமலே நம்மைப் பற்றி முடிவெடுத்தார்கள்?

கிருமி இருப்பது தெரிந்த பெண்களைக் காப்பகத்திலேயே அடைத்து வைத்தது அரசு. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் நீதிமன்றம் போனார். 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவிக்கச் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. ஒரு சோதனை முடிவு ஒருவரைச் சிறை வைக்கப் போதுமானதாக இருந்த காலம் அது.

படித்தவர்களும் தப்பவில்லை. நாகாலாந்து மருத்துவர் ஒருவர், உறவினரின் அறுவை சிகிச்சைக்காகச் சென்னை மருத்துவமனை ஒன்றில் ரத்தம் கொடுத்தார். சோதனை முடிவு வெளியே கசிந்தது. நிச்சயித்த திருமணம் நின்றது, சொந்த ஊரில் இருக்க முடியவில்லை. 1998இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: மணமகளின் உயிர் முக்கியம், ரகசிய உரிமை முழுமையானதல்ல. அத்தோடு நிற்காமல், இத்தகையவர்களின் திருமண உரிமையையும் நிறுத்தி வைத்தது. 2002இல்தான் அந்தப் பகுதி விலக்கப்பட்டது.

2017இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் அறிவித்தது. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெறாமல் சோதிக்கக் கூடாது. முடிவை வெளியிடக் கூடாது. பதிவேடுகளைப் பாதுகாக்க வேண்டும். புகார் கேட்க மாநிலத்தில் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும்.

சட்டம் காகிதத்தில் இருக்கிறது. அரசு மருத்துவமனை வரிசையில் பத்துப் பேர் காது கேட்க "உனக்கு என்ன நோய்?" என்கிறார்கள். பணமிருப்பவர் தனி அறைக்குப் போய்விடுவார். சேரியிலிருந்து வருபவருக்கு அந்த வரிசையை விட்டால் வேறு இடம் இல்லை. அங்கே கசியும் ஒரு சொல் அவருக்கு முன்பே ஊர் போய்ச் சேரும். ஏற்கெனவே தனிக்குவளை வைத்த ஊருக்கு அது இன்னொரு சாக்கு.

தோழர்களே, அடுத்த முறை அம்மாவையோ அண்டை வீட்டு அக்காவையோ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இது என்ன சோதனை? இந்த முடிவை யாரெல்லாம் பார்ப்பார்கள்? 1986இல் அந்தப் பெண்களுக்குக் கேட்க வாய்ப்பே தரப்படாத கேள்விகள் இவை.