விளக்கை அணைத்த பிறகு: கொல்லிமலையின் சிலந்திகள் ஒளிர்கின்றனவா?

கொல்லிமலையில் இரவில் நெற்றிவிளக்கை மாட்டிக்கொண்டு சாமைக்கொல்லை வரப்பில் நடந்து பாருங்கள். புல்தரையெங்கும் பனித்துளி சிதறிக் கிடப்பதுபோல் பச்சையும் நீலமும் கலந்த பொட்டுகள் மின்னும். பனி இறங்காத நாளிலும் மின்னும். ஒரு பொட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கிட்டப் போய்க் குனிந்தால் அங்கே ஒரு சிலந்தி உட்கார்ந்திருக்கும். பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். சிலந்தி ஒளிர்கிறது என்று ஊர் திரும்பிச் சொல்கிறார்கள். இன்னும் ஒரே ஒரு காரியம் செய்திருந்தால் அந்தச் செய்தி பிறந்திருக்காது: விளக்கை அணைத்திருக்க வேண்டும். அணைத்ததும் பொட்டு மறையும்.

கண்டவர் பொய் சொல்லவில்லை, சொல்தான் தவறியது. தமிழில் ஒளிர்தல், மிளிர்தல், மினுங்குதல், சுடர்தல் என்று நுட்பமான சொற்கள் இருக்க, அறிவியல் செய்தி எழுதுவோர் எல்லாவற்றையும் ஒளிர்தல் என்ற ஒரே சாக்கில் கட்டிவிடுகிறோம். அந்தச் சாக்கில் தம்முள் உறவே இல்லாத மூன்று நிகழ்வுகள் கிடக்கின்றன. உடலுக்குள் வேதிவினை நடந்து ஒளி பிறப்பது உயிரொளிர்வு. கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் நிறமாக உடனே திருப்பித் தருவது உடனொளிர்வு. வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவது எதிரொளிர்வு. இருட்டில் ஒளிரும் உயிரினம் என்ற பட்டம் முதலாவதற்கு மட்டுமே உரியது. மற்ற இரண்டும் கடன் வாங்கிய ஒளி. சிலந்திகளில் அந்த முதல் வகை உறுதியாக நிறுவப்பட்டதில்லை. ஆயினும் கடன்கள் இரண்டும் ஆராயத் தகுந்தவை. அவற்றை ஆராய்ந்தால் இருட்டைப் பற்றிய நம் கேள்வியே வேறாகிவிடுகிறது.

வரப்பில் மின்னியது ஓநாய்ச் சிலந்தி. அதன் எட்டுக் கண்களில் முன்வரிசை நடுவிலுள்ள இரண்டு முதன்மைக் கண்கள். எஞ்சிய ஆறும் துணைக்கண்கள். துணைக்கண்களின் அடியில் குவானின் படிகங்களாலான டேபீட்டம் என்னும் படலம் இருக்கிறது. விழித்திரையைக் கடந்து வீணாகப் போகும் ஒளியை அது மறுபடி விழித்திரைக்கே அனுப்பும். குறைந்த வெளிச்சத்தில் இரை தேடும் உயிருக்கு இது இரண்டாவது வாய்ப்பு. திரும்பும் ஒளி, வந்த பாதையிலேயே திரும்புகிறது. ஆகவே விளக்கு கண்ணுக்கு அருகில், நெற்றியில் இருந்தால்தான் மின்னல் தெரியும். அதே விளக்கை இடுப்பளவில் நீட்டிப் பிடியுங்கள், சிலந்தி காணாமல் போகும். தானே ஒளி வீசும் பொருளுக்கு இந்த வேறுபாடு இராது. சோதனைக்கூடம் எதுவும் இல்லாமல் யாரும் வரப்பிலேயே செய்து பார்க்கக்கூடிய பிரித்தறிதல் இது. தாய் ஓநாய்ச் சிலந்தி குஞ்சுகளை முதுகில் சுமந்து திரியும் பருவத்தில் ஒரே இடத்தில் பல துகள்கள் மினுங்கும். அதையும் கண்டவர்களுக்கு ஒளிரும் முதுகு என்றே தோன்றும்.

தேவாங்கின் கண்ணும் இந்தக் கணக்கில்தான் சேரும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பில் 2022இல் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயம், இந்தியாவில் இந்த விலங்குக்கென அமைந்த முதல் சரணாலயம். தேவாங்குகளை எண்ணுவோர் மரக்கிளைகளில் தேடுவது விலங்கின் உருவத்தை அல்ல, கண்ணின் செம்மின்னலை. தேவாங்கு ஒளிர்கிறது என்று அவர்களில் எவரும் எழுதுவதில்லை. கண் பளபளக்கிறது என்கிறார்கள். முதுகெலும்புள்ள விலங்குக்குத் தரும் இந்தச் சொற்சிக்கனத்தைச் சிலந்திக்கு மட்டும் நாம் ஏனோ மறுக்கிறோம்.

இனி உடனொளிர்வு. இங்கே விவகாரம் சிக்கலானது. மறுப்பாளரின் வாதமும் இங்கேதான் வலுப்பெறுகிறது. புறஊதா டார்ச்சை அடித்தால் தேள் பச்சை நீலமாகப் பளீரென்று தெரியும் என்பது 1950களிலிருந்தே பதிவான செய்தி. ஃபேப்ரிசியஸ் 1798இல் விவரித்து, தமிழைக் குறிக்கும் டமுலஸ் என்ற இனப்பெயரைக் கொடுத்த செந்தேளும் அப்படியே. மழைக்காட்டு நட்டுவாக்காலியும் அப்படியே. ஒளியைத் தரும் சேர்மங்கள் தேளின் புறத்தோலில் இருக்கின்றன. அவற்றுள் பீட்டா கார்போலின் என்ற ஒன்றை 1999இல் இனங்கண்டார்கள். சட்டை உரித்த புதிதில் தேள் மின்னாது. தோல் இறுக இறுகத்தான் மின்னத் தொடங்கும். உரித்துப் போட்ட வெறுஞ்சட்டையும் மின்னும், செத்த தேளும் மின்னும். வேதிவினை நடத்த ஓர் உயிர் தேவைப்படாத ஒளி இது. (விறகுக்கட்டைத் தூக்குமுன் இந்த டார்ச்சை ஒருமுறை அடித்துப் பார்ப்பது மலைவாழ் குடும்பங்களுக்கு நல்ல பழக்கம். அறிவியல் விவாதத்தைவிட இது உடனடியாகப் பயன் தரும்.)

இந்த மின்னலால் தேளுக்கு என்ன ஆதாயம்? ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் காஃபினும் உடனிருந்தவர்களும் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தேளின் முழு உடலுமே ஒளியை உணரும் கருவியாகச் செயல்படலாம் என்பது அவர்கள் கருத்து. வானிலிருந்து வரும் புறஊதாவைத் தோல் பச்சையாக மாற்றுகிறது. அந்தப் பச்சையைத் தேள் உணர்கிறது. எந்தப் பக்கம் மறைவிடம் என்று அறிந்துகொள்கிறது. இது இன்னும் கருதுகோள்தான். ஆனால் இதன்படி பார்த்தாலும் தேள் மின்னுவது பிறர் பார்ப்பதற்காக அன்று, தான் ஒளிந்துகொள்வதற்காக.

சிலந்திகளின் பங்கு 2007இல் வந்த இரண்டு ஆய்வுகளில் தெளிந்தது. முதலாவது அமெரிக்காவில் நடந்தது. ஆராயப்பட்ட சிலந்திகள் அனைத்தின் இரத்தத்திலும் உடனொளிரும் பொருள்கள் இருப்பதையும், புறத்தோல் வழியே அது வெளிப்படுவது இனத்துக்கு இனம் மாறுவதையும் அது காட்டியது. இரண்டாவதைச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் மேத்யூ லிம், டைச்சின் லி ஆகியோர் மைக்கேல் லாண்டுடன் இணைந்து செய்தார்கள். இந்தியா முதல் தென்கிழக்கு ஆசியா வரை காணப்படும் காஸ்மோஃபேசிஸ் அம்பிரேட்டிகா என்ற தாவும் சிலந்தியில், பெண்ணின் முன்னுணர் உறுப்புகள் புறஊதாவில் பச்சையாக உடனொளிர்கின்றன. ஆணின் முகமோ புறஊதாவை எதிரொளிக்கிறது. புறஊதாவை வடிகட்டிவிட்டால் காதல் ஆட்டம் குலைகிறது. சிலந்தி உலகில் உடனொளிர்வு ஒரு செய்தியாகப் பயன்படுகிறது என்பதற்கு நம்மிடமுள்ள மிகத் தெளிவான சான்று இது.

இந்தச் சிலந்தி பகலில் நடமாடுவது. அதன் பச்சை வெளிச்சம் வேலை செய்வது உச்சிவெயிலில். உடனொளிர்வை மெய்யாகவே பயன்படுத்தும் சிலந்தி இருட்டில் ஒளிர்வதில்லை; இருட்டில் மின்னும் ஓநாய்ச் சிலந்தியிடமோ அந்த ஒளி சொந்தமில்லை. இருட்டில் ஒளிரும் சிலந்தி என்ற தொடரின் இரு பாதிகளையும் ஒருசேர நிறைவேற்றும் உயிர் நம்மிடம் இல்லை.

மறுப்பாளர் கேட்கலாம்: நிலா வெளிச்சத்திலும் புறஊதா இருக்கிறதே, அது போதாதா? போதும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. தென்னமெரிக்காவின் ஒரு மரத்தவளையைப் பற்றி 2017இல் வந்த ஆய்வு, அந்தியிலும் நிலவொளியிலும் அதன் உடலிலிருந்து வெளிப்படும் வெளிச்சத்தில் உடனொளிர்வுக்குக் கணிசமான பங்கு இருப்பதாகக் கணக்கிட்டது. இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் முழுநிலவைவிடச் சூரியன் ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு வெளிச்சமானது. நம் புறஊதா டார்ச் காட்டும் காட்சி இவ்விரண்டில் எதையும் சேர்ந்ததில்லை. இயற்கையில் எந்த விலங்கும் எந்த இரவிலும் கண்டிராத காட்சி அது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2023இல் 125 பாலூட்டி இனங்களின் அருங்காட்சியக மாதிரிகளைச் சோதித்தபோது எல்லாமே ஏதோ ஓரளவு உடனொளிர்ந்தன. வெள்ளை மயிர், பல், நகம், எலும்பு எல்லாம் அந்தப் பட்டியலில் வந்தன. எல்லாமே மின்னினால் மின்னுவது ஒரு சிறப்பியல்பு ஆகாது. அதே டார்ச்சைச் சலவைத்தூளில் துவைத்த வேட்டியின் மேல் அடித்துப் பாருங்கள். காட்டில் எந்தத் தேளும் அத்தனை வெளிச்சமாகத் தெரியாது. வேட்டிக்குப் பரிணாமக் காரணம் தேட யாரும் புறப்படுவதில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு குழப்பம். சேலம் பகுதியிலிருந்து போகாக் 1899இல் விவரித்த போசிலோதீரியா ஃபார்மோசா என்ற மரச்சிலந்தியும், அதே ஆண்டு ஆந்திரத்துக் குத்தியிலிருந்து அவர் விவரித்த நீல உறவினரும் சேகரிப்பாளர்களிடையே புகழ்பெற்றவை. அந்த நீலம் மின்விளக்கு எரிவதுபோல் இருக்கும். மயிரிழைகளின் நுண்கட்டமைப்பில் ஒளி சிதறிப் பிறக்கும் நிறம் அது. இருட்டறையில் அந்தச் சிலந்தி கறுப்புத்தான்.

உண்மையில் தன்னொளி உள்ளவை யார்? மின்மினி நாம் எல்லாரும் அறிந்தது. லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் என்ற நொதியின் துணையோடு ஆக்சிஜனுடன் சேர்ந்து, சூடில்லாத மஞ்சள்பச்சை ஒளியைத் தருகிறது. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில் 2022 ஏப்ரலில் எண்ணற்ற மின்மினிகள் ஒத்த தாளத்தில் விட்டு விட்டு ஒளிர்ந்தது பதிவாகி ஆராயப்பட்டது. பூரான்களிலும் உண்டு: வெப்பநாடுகள் பலவற்றில் பரவி இந்தியாவிலும் காணப்படும் ஆர்ப்னேயஸ் பிரெவிலேபியேட்டஸ், தொந்தரவு செய்தால் ஒளிரும் பசையைக் கசியவிடும். மட்கிய மரத்தில் வளரும் சில காளான்களும் மங்கலாக ஒளிரும். கொல்லிமலை, சதுரகிரி போன்ற சித்தர் மலைகளைப் பற்றிய வாய்மொழியில் வரும் சோதிப்புல், சோதி விருட்சம் ஆகியவற்றின் பின்னால் இத்தகைய காளான் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். கொள்ளிவாய்ப் பிசாசைக் கொல்லிமலையோடு கோக்கும் பெயர்ச்சேர்க்கையை மட்டும் ஏற்க இயலாது. ளகரமும் லகரமும் வேறு.

ஒளிரும் சிலந்தியைக் கண்டதாகச் சொல்பவரில், கண்பளபளப்பையும் புறஊதாவையும் கழித்த பிறகும் சிலர் மிஞ்சுவார்கள். அவர்கள் விளக்கில்லாமலே வலையில் ஒளியைக் கண்டவர்கள். அவர்களுக்கான விடை 2024இல் சீனாவிலிருந்து வந்தது. அரேனியஸ் வென்ட்ரிகோசஸ் என்ற வலைச்சிலந்தி, அப்ஸ்காண்டிடா டெர்மினாலிஸ் என்ற மின்மினியின் ஆணைப் பிடித்தால் உடனே தின்றுவிடுவதில்லை. சிக்கிய ஆண், பல துடிப்புகளாக விடும் தன் வழக்கமான சைகையை விட்டு, பெண்ணைப்போல் ஒற்றைத் துடிப்பாக ஒளிரத் தொடங்குகிறது. அதை நம்பி வேறு ஆண்கள் வந்து வலையில் விழுகின்றன. சிலந்தி இருக்கும் வலையில்தான் இந்த மாற்றம் நிகழ்கிறது. சிலந்தியை அகற்றிய வலையில் அப்படி நிகழவில்லை. கடியும் நஞ்சும் காரணமா என்பது இன்னும் தீர்க்கப்பட வேண்டியது. ஆக, ஒளி மின்மினியுடையது, சூழ்ச்சி சிலந்தியுடையது. காண்பவரைச் சிரித்து மயக்கி அழிக்கும் கொல்லிப்பாவையைச் சங்கப் புலவர்கள் இந்த மலையில் நிறுத்தினார்கள். ஒளியைக் காட்டி அழைத்துக் கொல்லும் உயிர் ஒன்று உண்டென்று கேட்டால் அவர்கள் வியந்திருக்கமாட்டார்கள்.

இந்த விவாதத்துக்கு ஒரு நடைமுறைப் பக்கமும் இருக்கிறது. கொல்லிமலையின் அரியூர் சோலைக் காப்புக்காட்டில் இருள்வானப் பூங்கா அமைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்துள்ளது. விண்மீன் பார்ப்பவர்களுக்கான இடம் என்றே அதைப் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் இருட்டு இரவு உயிர்களுக்கும் வேண்டும். 70 கொண்டைஊசி வளைவுகளில் ஏறிவரும் வண்டிகளின் முகப்புவிளக்கும், விடுதிகளின் வெள்ளை எல்இடி விளக்கும், ஒளியால் இணை தேடும் மின்மினியின் சைகையை அமுக்கிவிடும். ஓநாய்ச் சிலந்தியின் கண்ணுக்கு அந்த விளக்கே பகல். அரியூர் சோலையில் என்றேனும் இரவு உயிர்க்கணக்கெடுப்பு நடக்குமானால் முறையைத் தலைகீழாக்க வேண்டும் என்பேன். வழக்கமாக விளக்கோடு நுழைந்து விளக்கோடு வெளியேறுகிறோம். மனிதக் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். முதல் அரைமணி நேரம் எந்த விளக்கும் இல்லாமல் ஓரிடத்தில் உட்கார்ந்து, தெரிவதை மட்டும் குறிக்கட்டும்: அது தன்னொளிப் பட்டியல். அதன்பின் நெற்றிவிளக்கு, அது கண்களின் பட்டியல். புறஊதா டார்ச் கடைசியில் வரட்டும். மூன்று பட்டியலையும் தனித்தனி ஏட்டில் எழுத வேண்டும். சிலந்தியின் பெயர் இரண்டாவது ஏட்டிலும் மூன்றாவதிலும் நிறைய வரும். முதல் ஏட்டில் என்றாவது ஒரு நாள் வந்தால், இந்தக் கட்டுரையின் வாதத்தை நானே திருத்தி எழுதுவேன்; அதற்குமுன் அந்த வலையில் மின்மினி ஏதும் சிக்கியிருந்ததா என்று கேட்பேன்.